மூச்சின் வேகமும் அழுத்தக் குறைப்பும்: ஸ்கூபா முக்குளிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி ஆழத்தில் இருக்கும்போது நைட்ரஜன் நம் உடலில் கரைகிறது என்பதும், மேலே வரும்போது அது குமிழியாக மாறாமல் வெளியேறக் கால அவகாசம் தர வேண்டும் என்பதும் முக்குளிப்புப் பயிற்சியின் முதல் வகுப்பிலேயே சொல்லித்தரப்படுகின்றன. ஏறும் வேகத்தை மட்டுப்படுத்துவதும், இடையில் நின்று நின்று வருவதும் சேர்ந்ததைத்தான் அழுத்தக் குறைப்பு என்கிறோம். ஆனால் இதில் நம் மூச்சின் வேகத்துக்கு என்ன பங்கு என்ற கேள்விக்கு, பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களிடமிருந்தும் ஒன்றுக்கொன்று முரணான பதில்களே கிடைக்கின்றன. தவறான பதிலை நம்பி ஒருவர் நீருக்கடியில் மூச்சை அடக்கவோ, தேவையின்றி விரைவுபடுத்தவோ கூடும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நிமிடத்துக்கு இரு மடங்கு காற்றைச் சுவாசித்தால் இரு மடங்கு நைட்ரஜன் உடலில் சேராதா?

சேராது. உள்ளே இழுத்த காற்றெல்லாம் உடலில் தங்கிவிடுகிறது என்ற எண்ணமே இந்தக் கேள்விக்கு அடிப்படை. உண்மையில், நாம் இழுக்கும் நைட்ரஜனில் மிகப் பெரும் பகுதி அடுத்த மூச்சிலேயே ரெகுலேட்டர் (வாயில் கவ்வும் சுவாசக் கருவி) வழியாகக் குமிழிகளாக வெளியேறிவிடுகிறது. இரத்தத்தில் எவ்வளவு நைட்ரஜன் கரையும் என்பதை, நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் அந்த நைட்ரஜனுக்கு இருக்கும் பகுதி அழுத்தம்தான், அதாவது மொத்த அழுத்தத்தில் அதன் பங்குதான், முடிவு செய்கிறது. அந்த அழுத்தமோ நாம் இருக்கும் ஆழத்தையும் சிலிண்டரில் உள்ள கலவையையும் பொறுத்தது. நிமிடத்துக்கு எட்டு முறை மூச்சு விடுகிறோமா இருபது முறை விடுகிறோமா என்பதால் அது ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஒரு குவளை நீரில் உப்புக் கரைந்து நிறைவுநிலை அடைந்தபின் மேலும் மேலும் உப்பைக் கொட்டினாலும் நீர் அதே அளவு உப்பைத்தான் ஏற்கும் அல்லவா? நுண்ணறையைத் தாண்டிச் செல்லும் இரத்தமும் அப்படித்தான். நுரையீரலின் தந்துகியை அது முக்கால் வினாடி அளவில் கடந்துவிடுகிறது. அந்தக் குறுகிய நேரத்துக்குள்ளாகவே நைட்ரஜனைப் பொறுத்தவரை நுண்ணறையுடன் சமநிலைக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் அந்த இரத்தத்தில் ஏற்ற எதுவும் இல்லை.

ஏறக்குறைய மாறுவதில்லை என்றால், எவ்வளவு மாறுகிறது?

இதைக் கணக்காகவே போட்டுவிடலாம். 30 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 4 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ கடல்மட்டக் காற்றழுத்தம்). நுரையீரலுக்குள் போகும் காற்று உடல் வெப்பத்தில் ஈரமாகிவிடுவதால் நீராவிக்கு 0.063 பார் போய்விடும். மிச்சத்தில் 79 விழுக்காடு நைட்ரஜன் என்று கொண்டால், உள்ளிழுக்கும் காற்றில் அதன் பகுதி அழுத்தம் ஏறத்தாழ 3.11 பார். இங்கே கரியமில வாயு ஒரு சிறு திருத்தத்தைச் செய்கிறது. உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனைவிட வெளிவிடும் கரியமில வாயு சற்றுக் குறைவு என்பதால் நுண்ணறையில் நைட்ரஜனின் பங்கு மிகச் சிறிதளவு கூடுகிறது. கரியமில வாயு வழக்கமான 0.053 பாரில் இருக்கும்போது இந்தத் திருத்தம் சுமார் 0.01 பார். இப்போது ஒருவர் உழைப்பு எதுவும் இல்லாமல் வேண்டுமென்றே மூச்சை இரு மடங்காக்கினால் கரியமில வாயு பாதியாகக் குறையும், திருத்தமும் 0.005 பாராகக் குறையும். அதாவது 3.11 பாரில் 0.005 பார் மாற்றம்: ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. நீரில் சில சென்டிமீட்டர் மேலே கீழே போனாலே இதைவிடக் கூடுதலான மாற்றம் ஏற்பட்டுவிடும். அதுமட்டுமன்று, மாற்றத்தின் திசையையும் கவனியுங்கள். வேகமாக மூச்சுவிட்டால் நைட்ரஜன் அழுத்தம் கூடுவதில்லை, மயிரிழையளவு குறையவே செய்கிறது.

அப்படியானால் நைட்ரஜன் சேர்வதையும் வெளியேறுவதையும் எதுதான் தீர்மானிக்கிறது?

ஆழம், நேரம், சுவாசிக்கும் கலவை, இவற்றோடு இரத்த ஓட்டம். நான்காவதாகச் சொன்னதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நுரையீரல் வெறும் துறைமுகம். சரக்கை ஏற்றி இறக்கும் வேலை இரத்தத்தினுடையது. ஒரு திசுவுக்கு நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தம் போகிறதோ அதைப் பொறுத்தே அந்தத் திசு நிரம்பும் வேகமும் காலியாகும் வேகமும் அமைகின்றன. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் தாராளமாகப் பாய்வதால் அவை நிமிடக் கணக்கில் நிரம்பி நிமிடக் கணக்கிலேயே காலியாகின்றன. கொழுப்பில் நைட்ரஜன் நீரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு கரையும்; ஆனால் அங்கே இரத்த ஓட்டம் குறைவு என்பதால் மணிக்கணக்கில் ஆகிறது. சூரிச்சில் பூல்மன் என்ற ஆய்வாளர் உருவாக்கிய, இன்று பல டைவ் கம்ப்யூட்டர்களுக்கு (நிறுத்தங்களைக் கணக்கிட்டுச் சொல்லும் முக்குளிப்புக் கருவிகளுக்கு) அடித்தளமாக உள்ள கணக்கு முறையில் 16 பெட்டிகள், அதாவது வெவ்வேறு வேகத்தில் நிரம்பும் கற்பனைத் திசுக்கள், உள்ளன. அவற்றில் விரைவானது பாதி நிரம்ப 4 நிமிடமும், மெதுவானது பாதி நிரம்ப 635 நிமிடமும் ஆகின்றன. நுரையீரலில் உள்ள வாயுவோ சாதாரண மூச்சிலேயே ஒரு நிமிடத்துக்குள் பாதிக்கு மேல் மாறிவிடுகிறது. சங்கிலியின் மிக விரைவான கண்ணியை மேலும் விரைவுபடுத்துவதால் சங்கிலி முழுதும் விரைவுபடாது.

மேலே வரும் வழியில் முன்னெச்சரிக்கையாகச் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில் ஆழ்ந்து, வேகமாக மூச்சுவிட்டால் நைட்ரஜன் சீக்கிரம் வெளியேறும் என்று சொல்கிறார்களே?

இதைச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கணக்கு அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. திரும்பி வரும் இரத்தத்துக்கும் நுண்ணறைக்கும் இடையே நைட்ரஜன் அழுத்தத்தில் முழுதாக ஒரு பார் வேறுபாடு இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் இரத்தம் ஒரு பார் வேறுபாட்டுக்குச் சுமார் 13 மில்லிலிட்டர் நைட்ரஜனைக் கொண்டுவரும். ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது என்றால் நுரையீரலில் வந்து இறங்குவது நிமிடத்துக்கு 65 மில்லிலிட்டர். அதே நிமிடத்தில் நுண்ணறைகளைக் கழுவிச் செல்லும் புதிய காற்றோ நான்கு லிட்டருக்கு மேல். வந்து இறங்கும் சிறு சரக்கை அள்ளிச் செல்ல அந்தக் காற்றே மிகப் போதும். மீன்பிடிப் படகுகள் கரைக்கு வரும் வேகம் மாறாதபோது ஏலக்கூடத்தை அகலப்படுத்தினால் மீன் கூடுதலாக வந்துவிடாது.

வேகமான ஆழ்மூச்சு வேறொரு சிக்கலையும் கொண்டுவரும். கரியமில வாயு குறைந்துபோவதால் தலை கிறுகிறுக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும். இவை, நைட்ரஜன் உடலுக்குள் குமிழிகளாவதால் வரும் அழுத்தக் குறைப்பு நோயின் அறிகுறிகளைப் போலவே தோன்றுவதால் படகில் ஏறிய பிறகு வீண் குழப்பத்துக்கும் இடமாகிறது. நிறுத்தத்தில் இயல்பாக மூச்சுவிடுங்கள். கை கால்களை மெதுவாக அசைத்துக்கொண்டிருப்பது, ஒரே இடத்தில் விறைத்துப் போய்த் தொங்குவதைவிட நல்லது. ஏனெனில் அந்த அசைவு இரத்த ஓட்டத்தைத் தொடுகிறது.

காற்றை வேகமாகத் தீர்ப்பவருக்கு அழுத்தக் குறைப்பு நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது வெறும் கட்டுக்கதையா?

இல்லை, அதில் உண்மை உண்டு, ஆனால் காரணம் மூச்சு அன்று. ஒருவர் ஏன் வேகமாக மூச்சுவிடுகிறார் என்று பாருங்கள். நீரோட்டத்தை எதிர்த்து நீந்துகிறார், எடைப் பட்டை சரியில்லாமல் ஓயாமல் காலில் அணிந்த துடுப்பை அடிக்கிறார், கனமான கேமராவை இழுத்துச் செல்கிறார். உழைப்பு கூடும்போது தசைகளில் கரியமில வாயு பெருகுகிறது, மூச்சு விரைகிறது. கூடவே இதயமும் விரைகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் செலுத்திய இதயம், கடும் உழைப்பில் 15 லிட்டருக்கு மேலும் செலுத்தும். அந்தக் கூடுதல் இரத்தத்தின் பெரும்பங்கு தசைகளுக்குப் போகிறது. ஆழத்தில் இருக்கும்போது இது நடந்தால், நிறைவுற்ற இரத்தம் தசைக்குள் பல மடங்கு பாய்ந்து அதே நேரத்தில் கூடுதல் நைட்ரஜனை இறக்கிவைத்துவிடுகிறது. பிறகு ஏறும்போது அவர் களைத்து அசையாமல் நிற்கிறார். இரத்த ஓட்டம் பழைய நிலைக்குத் தாழ்கிறது. ஏற்றிய வேகத்தில் இறக்க ஆளில்லை.

ஆகவே விரைந்த மூச்சை ஒரு சாட்சியாகக் கொள்ள வேண்டும். அது குற்றத்தைச் செய்யவில்லை. குற்றம் நடந்ததைப் பார்த்துச் சொல்கிறது. பயத்தால் மட்டும் மூச்சு வாங்குபவரையும் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி மூச்சு வாங்குபவரையும் காற்றுமானி வேறுபடுத்திக் காட்டாது. நைட்ரஜன் கணக்கிலோ இருவரும் ஒன்றல்லர். நான் ஒருமுறை 28 மீட்டரில் நங்கூரக் கயிற்றைப் பிடிக்க நீரோட்டத்துக்கு எதிராகப் பத்து நிமிடம் நீந்த நேர்ந்தது. அன்று கம்ப்யூட்டர் நிறுத்தம் எதையும் கேட்கவில்லை. இருந்தும் 5 மீட்டரில் வழக்கமான 3 நிமிடத்துக்குப் பதில் 8 நிமிடம் நின்றேன். அந்த உழைப்பு கம்ப்யூட்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

டைவ் கம்ப்யூட்டர் என் மூச்சின் வேகத்தைக் கணக்கில் கொள்கிறதா?

பெரும்பாலானவை கொள்வதில்லை. ஆழமும் நேரமும் கலவையும் மட்டுமே அவற்றின் உள்ளீடுகள். சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் பெற்றுக் காட்டும் கருவிகளிலும்கூட அந்த எண் பெரும்பாலும் மீதமுள்ள காற்று எத்தனை நிமிடம் வரும் என்று சொல்லவே பயன்படுகிறது. விதிவிலக்கு உண்டு. ஊவாடெக் நிறுவனம் பூல்மன் முறையின் எட்டுப் பெட்டி வடிவத்தைத் தழுவி, சிலிண்டர் அழுத்தம் குறையும் வேகத்திலிருந்து உழைப்பை ஊகித்து அழுத்தக் குறைப்பை நீட்டும் முறையைத் தன் கருவிகளில் வைத்தது. அந்த வழியில் வந்த ஸ்கூபாப்ரோ கலிலியோ வகைக் கருவிகளில் மார்பில் கட்டும் பட்டை மூலம் இதயத் துடிப்பையே நேரடியாக அளக்கும் வசதி வந்தது. என் கருத்தில் இரண்டாவது வழியே நேர்மையானது. ஏனெனில் கேட்க வேண்டியது இரத்த ஓட்டத்தைப் பற்றித்தான். மூச்சை வைத்து உழைப்பை ஊகிக்கும்போது, பதற்றத்தால் மூச்சு வாங்குபவரைக் கருவி உழைப்பவர் என்று எண்ணிக்கொள்ளும். அதனால் தீங்கில்லை, நிறுத்தம் சற்று நீளும். மாறாக, உழைத்துக்கொண்டே மூச்சை அடக்கிப் பழகியவரைக் கருவி ஓய்வில் இருப்பவர் என்று எண்ணிவிடும். அது ஆபத்தான பிழை.

பழைய அட்டவணைகளிலும் மூச்சின் வேகம் இல்லையே, அதைப் பற்றி யாரும் சிந்திக்கவில்லையா?

சிந்தித்தவரே அதைச் சேர்க்காமல் விட்டார் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. பிரித்தானிய உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சின் வேகத்தை நுண்ணறையில் உள்ள கரியமில வாயுவே ஆள்கிறது என்பதை 1905இல் பிரீஸ்ட்லியுடன் சேர்ந்து நிறுவியவர். அதே காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்காக ஆழ்நீர் முக்குளிப்பை ஆராய்ந்தபோது, தலைக்கவச முக்குளிப்பாளர்கள் ஆழத்தில் திணறுவதற்குக் காரணம் கவசத்துக்குள் தேங்கும் கரியமில வாயுவே என்று கண்டார். ஆழம் கூடும் விகிதத்தில் பம்ப் செய்யும் காற்றையும் கூட்ட வேண்டும் என்று வகுத்தார். அதன் பயனாக 1906இல் கடற்படையைச் சேர்ந்த டேமண்டும் கேட்டோவும் ஸ்காட்லாந்தில் 210 அடி ஆழம் வரை இறங்கினர். பாய்காட், டேமண்ட் ஆகியோருடன் 1908இல் ஹால்டேன் வெளியிட்ட ஆய்வில், ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, 5, 10, 20, 40, 75 நிமிட அளவுகளில் பாதி நிரம்பும் ஐந்து வகைத் திசுக்களைக் கொண்டு முதல் முறையான அழுத்தக் குறைப்பு அட்டவணையைத் தந்தார். அந்த அட்டவணைக்குள் ஆழமும் நேரமும் நுழைந்தன. மூச்சின் வேகம் நுழையவில்லை. மூச்சைப் பற்றி அவர் அளவுக்கு அறிந்தவர் அக்காலத்தில் வேறொருவர் இருந்திருப்பாரா என்பது ஐயமே.

மூச்சைச் சிக்கனமாக விட்டால் நைட்ரஜனும் குறையும், காற்றும் மிஞ்சும் என்று சிலர் இடையிடையே மூச்சை நிறுத்தி விடுகிறார்களே?

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நைட்ரஜன் துளியும் குறையாது என்பதை மேலே பார்த்தோம். கரியமில வாயுவோ உறுதியாகக் கூடும். அது கூடினால் தலைவலி வரும். ஆழத்தில் நைட்ரஜன் தரும் மயக்கம் தடிக்கும். மூளைக்குப் போகும் இரத்தம் அதிகரிப்பதால், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) அல்லது தூய ஆக்சிஜனைப் பயன்படுத்துபவருக்கு ஆக்சிஜன் நச்சுத்தன்மையால் வலிப்பு வரும் வாய்ப்பும் உயரும். இறுதியில் உடல் தன் கடனை வட்டியோடு வசூலிக்கும்: அடக்கிய மூச்சுக்கெல்லாம் சேர்த்து மூச்சிரைப்பு வரும்போது சேமித்த காற்று சில நிமிடங்களில் போய்விடும்.

ஆழம் இதை மேலும் கடினமாக்குகிறது. அழுத்தம் கூடக் கூடக் காற்று அடர்த்தியாகி, ரெகுலேட்டர் வழியாகவும் மூச்சுக் குழாய்கள் வழியாகவும் அதை நகர்த்தவே உழைக்க வேண்டியிருக்கிறது. முக்குளிப்பு ஆய்வாளர்களான கேவின் ஆன்டனியும் சைமன் மிட்செலும் முன்வைத்த வரம்பின்படி சுவாசிக்கும் வாயுவின் அடர்த்தி லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2 கிராமைத் தாண்டவே கூடாது. சாதாரணக் காற்று முதல் அளவை ஏறத்தாழ 31 மீட்டரிலும் இரண்டாவதை ஏறத்தாழ 39 மீட்டரிலும் எட்டிவிடுகிறது. அந்த ஆழத்தில் கடினமாக உழைத்தால், எவ்வளவு முயன்று மூச்சுவிட்டாலும் கரியமில வாயுவை முழுதாக வெளியேற்ற முடியாத நிலை வரலாம். அங்கே மூச்சைச் சேமிக்க நினைப்பது எரியும் அடுப்பின் புகைபோக்கியை அடைப்பதற்குச் சமம்.

அப்படியானால் நீருக்கடியில் எப்படித்தான் மூச்சுவிட வேண்டும்?

மெதுவாகவும் முழுமையாகவும், இடையில் நிறுத்தாமல். இதற்கான காரணமும் எண்களில் தெளிவாகத் தெரியும். மூச்சுக் குழாயில் தங்கி நுண்ணறையைச் சேராமலே திரும்பிவிடும் காற்று ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். ஒருவர் நிமிடத்துக்கு 30 முறை, முறைக்கு 300 மில்லிலிட்டர் என்று மேலோட்டமாக மூச்சுவிட்டால் சிலிண்டரிலிருந்து 9 லிட்டர் போகிறது. நுண்ணறையைச் சேர்வது 4.5 லிட்டர் மட்டுமே. இன்னொருவர் 10 முறை, முறைக்கு 900 மில்லிலிட்டர் என்று விட்டால் அதே 9 லிட்டரில் 7.5 லிட்டர் நுண்ணறையைச் சேர்கிறது. செலவு ஒன்று, பயன் ஒன்றரை மடங்குக்கும் மேல். மூச்சு தானாகவே மேலோட்டமாகவும் விரைவாகவும் மாறுவதை உணர்ந்தால், செய்துகொண்டிருப்பதை நிறுத்தி, எதையாவது பிடித்துக்கொண்டு, முதலில் நன்றாக வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பதற்கு முன் வெளியே விடுவதுதான் கரியமில வாயுவைக் குறைக்கும்.

நானும் என் துணையும் ஒரே ஆழத்துக்குத்தான் போகிறோம். அவர் காற்று பாதிதான் செலவாகிறது. அவருக்கு ஆபத்தும் பாதியா?

இல்லை, நடைமுறையில் அவருக்கே ஆபத்து கூடுதலாகலாம். இருவரிடமும் 200 பாரில் 12 லிட்டர் சிலிண்டர், அதாவது 2400 லிட்டர் காற்று இருப்பதாகவும், 50 பார் இருப்பாக விடுவதாகவும் கொள்வோம். செலவழிக்க 1800 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 25 லிட்டர் செலவழிப்பவருக்கு 30 மீட்டரில் 100 லிட்டர் ஆகும். 18 நிமிடத்தில் அவர் ஏறியாக வேண்டும். 15 லிட்டர் செலவழிப்பவருக்கு 60 லிட்டர்தான். அவர் 30 நிமிடம் இருக்கலாம். பொழுதுபோக்கு முக்குளிப்புக்கான அட்டவணைகளில் 30 மீட்டருக்கான நிறுத்தமில்லா நேரம் (கட்டாய நிறுத்தம் இல்லாமல் மேலே வரக்கூடிய உச்ச நேரம்) 20 நிமிடத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே காற்றைக் குடிப்பவரை அவருடைய சிலிண்டரே வரம்புக்குள் மேலே அனுப்பிவிடுகிறது. சிக்கனக்காரரை எதுவும் தடுப்பதில்லை. திறமை கூடிக் காற்றுச் செலவு குறையும் கட்டத்தில்தான் ஒருவர் முதன்முதலாகக் கட்டாய நிறுத்தங்களுக்குள் தடுமாறி விழுகிறார். காற்றுமானியை மட்டும் பார்த்தே பழகிய கண்களுக்கு அது எதிர்பாராததாக இருக்கும்.

சிலிண்டரின் இந்தத் தடை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, கடலை நம்பிப் பிழைப்போரின் வாழ்க்கையே சான்று. ஹோண்டுராஸ், நிகரகுவா கரையோரங்களில் கல் இறாலுக்காக மூழ்கும் மிஸ்கிட்டோ மக்கள் ஒரே நாளில் பல சிலிண்டர்களை அடுத்தடுத்துப் பயன்படுத்திப் பலர் கால் செயலிழந்து போயிருக்கிறார்கள். இலங்கையின் வடக்கு, கிழக்குக் கடலில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டருடன் இறங்குவோர் எதிர்கொள்ளும் ஆபத்தும் இதே வகையானது. அவர்களில் பலர் மிக நிதானமாக, மிகச் சிக்கனமாக மூச்சுவிடும் கைதேர்ந்தவர்கள். அந்தத் தேர்ச்சி அவர்களைக் காக்கவில்லை.

மூச்சின் வேகம் நைட்ரஜனை மாற்றாது என்றால், அழுத்தக் குறைப்பைத் திட்டமிடும்போது அதை மறந்துவிடலாமா?

ஒருபோதும் கூடாது. நைட்ரஜன் எவ்வளவு நேரம் நிற்கச் சொல்கிறது என்பதை மூச்சு மாற்றாது. அவ்வளவு நேரம் நிற்கக் காற்று இருக்கிறதா என்பதை மூச்சுதான் முடிவு செய்கிறது. 3 மீட்டரில் 15 நிமிடம் நிற்க வேண்டியவருக்கு, அமைதியாக 15 லிட்டர் வீதம் மூச்சுவிட்டால் சுமார் 290 லிட்டர் போதும். குளிரிலும் பதற்றத்திலும் 30 லிட்டராகிவிட்டால் 585 லிட்டர் வேண்டும்.

நிறுத்தமில்லா முக்குளிப்பிலும் இதே நிலைதான். 30 மீட்டரில் துணைவரின் காற்று தீர்ந்து இருவரும் ஒரே சிலிண்டரில் ஏற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60 லிட்டர். நிலைமையைச் சமாளிக்க ஆழத்திலேயே ஒரு நிமிடம்: 240 லிட்டர். நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை ஏற இரண்டரை நிமிடம்: ஏறத்தாழ 410 லிட்டர். அங்கே 3 நிமிட நிறுத்தம்: 270 லிட்டர். கடைசி 5 மீட்டருக்கு ஏறத்தாழ 40 லிட்டர். மொத்தம் 960 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் 80 பார். எல்லாரும் வாய்ப்பாடாகச் சொல்லும் 50 பார் இருப்பு இந்த ஆழத்துக்குப் போதாது என்பதை இந்த ஒரு கூட்டல் காட்டிவிடுகிறது. உங்கள் மேற்பரப்புக் காற்றுச் செலவை அமைதியான நாளில் ஒருமுறையும் கடினமான நாளில் ஒருமுறையும் அளந்து குறித்து வையுங்கள். திட்டத்துக்குப் பெரிய எண்ணையே பயன்படுத்துங்கள்.

குளிரில் மூச்சு விரைகிறது. அப்போது நைட்ரஜன்?

இங்கேயும் மூச்சை விட்டுவிட்டு இரத்தத்தைப் பின்தொடர வேண்டும். குளிர்ந்தால் தோலுக்கும் கை கால்களுக்கும் இரத்த ஓட்டம் சுருங்கும். அமெரிக்கக் கடற்படையின் சோதனை முக்குளிப்புப் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆழத்தில் ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ் குளிரிலும் ஏறும்போது 36 பாகை வெதுவெதுப்பிலும் இருந்தவர்களுக்கு நோய் மிகக் குறைவாக வந்தது. இதையே தலைகீழாக்கியபோது வெகுவாகக் கூடியது. ஆழத்தில் கதகதப்பாக இருந்து நைட்ரஜனைத் தாராளமாக ஏற்றிக்கொண்டு, நிறுத்தத்தில் நடுங்கி அதை உள்ளேயே பூட்டிவைப்பதுதான் மோசமான வரிசை. நீண்ட முக்குளிப்பில் பெரும்பாலோர் அனுபவிப்பதும் இந்த வரிசையைத்தான். ஆகவே நல்ல உடையைத் தேர்வதன் பயன் முக்கியமாக நிறுத்தத்துக்காக.

ஏறும்போது மூச்சைப் பிடித்தால் நைட்ரஜன் குமிழி வருமா?

அது வேறு வகைக் காயம், நைட்ரஜனுக்காகக் காத்திராதது. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது நுரையீரலில் அடைபட்ட காற்று இரு மடங்காக விரியும். அது நுண்ணறைகளைக் கிழித்து நேரே தமனி இரத்தத்துக்குள் புகுந்து மூளையை அடையக்கூடும். நுரையீரல் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழத்திலிருந்து எழுந்தாலே போதும், இது நேரலாம்.

ஆனால் மூச்சைப் பிடிப்பது அழுத்தக் குறைப்பு நோயோடு நேரடியாகத் தொடர்புபடும் இடம் ஒன்று உண்டு. அது நீருக்கு வெளியே இருக்கிறது. பல முக்குளிப்புகளுக்குப் பின் சிரை இரத்தத்தில் சிறு குமிழிகள் தோன்றுகின்றன. நுரையீரல் அவற்றை வடிகட்டிவிடுவதால் தீங்கு நேர்வதில்லை. பெரியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்து மூடாத சிறு திறப்பு இருக்கிறது. படகு ஏணியில் முழுச் சுமையோடு ஏறும்போதோ, சிலிண்டரைத் தூக்கும்போதோ, மூச்சைப் பிடித்து முக்கினால் மார்பினுள் அழுத்தம் உயர்ந்து, விட்டவுடன் இரத்தம் வலப்புறம் பாய்ந்து, அந்தத் திறப்பின் வழியே குமிழிகள் வடிகட்டியைத் தாண்டி இடப்புறம் போய்விட முடியும். எனவே எடைப் பட்டையையும் சிலிண்டரையும் நீரிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, மூச்சை வெளியே விட்டபடி ஏறுவது நல்லது. நங்கூரம் இழுக்கும் வேலையை அன்று நீரில் இறங்காதவரிடம் விடுங்கள்.

நோயின் அறிகுறி தென்பட்டவருக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது வேகமாக மூச்சுவிடச் சொல்லலாமா?

வேண்டாம்; இயல்பாக விடட்டும். மேற்பரப்பில் காற்றைச் சுவாசிப்பவரின் நுண்ணறையில் நைட்ரஜன் 0.75 பார் அளவில் இருக்கிறது. தூய ஆக்சிஜனுக்கு மாற்றினால் அது சில நிமிடங்களில் பூச்சியத்தை நெருங்குகிறது. மூச்சை இரு மடங்காக்கினால் கிடைத்த 0.005 பாரோடு இந்த 0.75 பாரை ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டியது கலவையைத்தான். முகமூடி முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கிறதா, முகமூடியோடு இணைந்த பை நிரம்பியிருக்கும் அளவுக்கு, அதாவது நிமிடத்துக்கு 15 லிட்டர் அளவில், ஆக்சிஜன் வருகிறதா என்பதில் உங்கள் கவனம் இருக்கட்டும். அவரைப் படுக்கவைத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குச் செல்ல உடனே ஏற்பாடு செய்யுங்கள். அங்கே வழக்கமாக 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் தொடங்கி, ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆக்சிஜன் சிகிச்சை தருவார்கள்.

பயத்தில் அவர் தானாகவே வேகமாக மூச்சுவிடுவதும் உண்டு. அப்போது உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் ஊறல் எடுக்கும். பக்கத்தில் அமர்ந்து, மெதுவாக மூச்சுவிடச் சொல்லி, அந்த ஊறல் தணிகிறதா என்று பார்க்கலாம். தணிந்தாலும் அது பதற்றத்தால் வந்தது என்று நீங்களே முடிவு கட்டி ஆக்சிஜனை நிறுத்திவிடாதீர்கள். எந்த ஆழம், எவ்வளவு நேரம், எந்தக் கலவை, எப்போது மேலே வந்தார், எப்போது அறிகுறி தொடங்கியது, கீழே கடினமாக உழைத்தாரா என்பவற்றை ஒரு தாளில் எழுதி அவருடைய டைவ் கம்ப்யூட்டரோடு சேர்த்து அனுப்புங்கள். முடிவை மருத்துவர் எடுக்கட்டும்.